ஃபோர்மேன் வீட்டுப் பந்தயக் கார்

எங்கள் சுரங்க ஒர்க்‌ஷாப்பில் இரும்புக்குள் இருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்க இப்போது கையடக்கமான கருவி வந்துவிட்டது. வேலையில் இருக்கும் பிள்ளைகள் என்னை அழைத்துப்போய்க் காட்டினார்கள். பாகத்தின் மேல் அதை வைத்து நகர்த்தினால் உள்ளே பழுது எங்கே என்று திரையில் தெரிகிறது. எங்கள் காலத்து முறையைவிட அது எவ்வளவோ மேல். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

திரும்பும்போது அவர்களில் ஒருவர் கேட்டார்: "ஐயா, அந்தக் காலத்துல நம்ம டவுன்ஷிப்ல யாரோ ரேஸ் கார் செஞ்சு வித்தாங்களாமே, நெசமா?"

செய்யவில்லை. நொறுங்கிப்போன ஒரு காரைச் சீர்செய்து விற்றார்கள். அந்த வேலையில் நானும் இருந்தேன். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் மண் ஏற்றிக் கொட்டும் ஒரு டம்பர் லாரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு ஊர் கம்மாபுரம் பக்கம். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது எங்களிடம் எடுக்க ஒன்றும் இல்லை. முதலில் கான்ட்ராக்டில் மண் சுமந்தேன். பிறகு ஒர்க்‌ஷாப்பில் எடுபிடி ஆளாக நுழைந்து, பாகங்களைக் கழுவி, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, ஒருவழியாக ஃபிட்டர் ஆனேன். பெர்மனென்ட் ஆன அன்று அம்மா என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்து, "இந்த கிரீஸ் வாட இனிமே போவாதாடா?" என்று கேட்டார். போகவில்லை.

எங்கள் ஃபோர்மேன் நாச்சிமுத்து கோயம்புத்தூர்க்காரர். எல்லோரிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். தரையைக் கூட்ட வருகிறவரிடமும் அப்படித்தான். வேலை தொடங்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அதைக் கழற்றிவிட்டார் என்றால் அவரை அவசரப்படுத்த முடியாது என்று மேலதிகாரிகளுக்கும் தெரியும்.

விரிசல் பார்க்கும் வேலையை அவர்தான் எனக்குப் பழக்கினார். பாகத்தைப் பெட்ரோலில் கழுவிப் பிசுக்கு எடுக்க வேண்டும். பிறகு மண்ணெண்ணெயில் ஊறப் போட வேண்டும். எடுத்து, மேலே ஈரமே இல்லாதபடி பழந்துணியால் துடைக்க வேண்டும். சாக்பீஸ் தூளை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினால் ஸ்பிரிட் பறந்துபோய் வெள்ளைப் பூச்சு மட்டும் நிற்கும். அதன்பின் மரச்சுத்தியால் லேசாகத் தட்ட வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்திருக்கும் மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளையின் மேல் மயிரிழை போல ஒரு ஈரக்கோடு விழும். கோடு விழுகிறதா என்று பார்க்கும் நேரத்தில் நாச்சிமுத்து யாரையும் பேச விட மாட்டார். ஒரு பக்க வெளிச்சத்தில் பார்ப்பார். பாகத்தைத் திருப்பி வைத்து மறுபக்க வெளிச்சத்தில் பார்ப்பார். நிமிர்ந்து, 'இருக்குதுங்க' அல்லது 'இல்லீங்க' என்பார். இரண்டுக்கும் குரல் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அந்த நாட்களில் டம்பர் ஓட்டிய அய்யாக்கண்ணு எங்கள் ஊர்க்காரர். என் அப்பாவோடு கதிர் அறுத்தவர். மண் கொட்டும் இடத்தில் வண்டியைப் பின்னால் எடுத்தபோது ஒரு தொழிலாளியின் கால் சக்கரத்தில் சிக்கி நசுங்கிவிட்டது. பிரேக் பிடிக்கவில்லை என்றார் அய்யாக்கண்ணு. விசாரணைக்காக வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. நாச்சிமுத்துவும் நானும் சக்கரங்களைக் கழற்றி, பிரேக் குழாய் நெடுகப் பார்த்தோம். கசிவு இல்லை. தேய்மானம் இல்லை. மிதித்தால் பிடித்தது.

அய்யாக்கண்ணு என்னை டீக்கடையில் பிடித்துக்கொண்டார்.

"மூர்த்தி, அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லுடா. கொழாயில கசிவு இருந்துச்சின்னு சொன்னா போதும். புள்ளைங்கள வச்சிகினு நான் எங்கடா போவேன்?"

நான் போய்ச் சொன்னேன். நாச்சிமுத்து கோபப்படவில்லை.

"கசிவு இருந்துதுங்களா, கலியமூர்த்தி? நீங்களுந்தானே பார்த்தீங்க?"

"இல்லீங்க சார். ஆனா பாவங்க, புள்ளகுட்டிக்காரரு."

"எனக்கும் பாவமாத்தானுங்க இருக்குது. இல்லாத பழுதைச் சொன்னா, இருக்கற பழுதை நாம சொல்றப்ப யாருங்க நம்புவாங்க?"

அய்யாக்கண்ணுவுக்கு வேலை போயிற்று. காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித் தோப்பில் கூலிக்குப் போனார். ஊரில் என்னையும் சேர்த்து ஏசினார்கள். அதன் பிறகு நாச்சிமுத்துவிடம் வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர வேறு பேச்சை நான் நிறுத்திவிட்டேன். அவருக்கு அது தெரிந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு லாரி வந்து அவருடைய குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றது. தார்ப்பாய் போட்டு மூடிய ஏதோ ஒன்றைச் சவுக்குக் கட்டைகளின் மேல் உருட்டி இறக்கினார்கள். அதோடு அவருடைய தம்பி தங்கவேலுவும் வந்திருந்தார். அவருக்கு இடது முழங்கால் மடங்காது. அக்குள் கட்டையை ஊன்றி நேரே உள்ளே போனவர் பல நாள் வெளியே வரவேயில்லை.

"ஞாயித்துக்கிழமை வேற வேலை இல்லீன்னா வூட்டுப் பக்கம் வர்றீங்களா?" என்று நாச்சிமுத்து என்னிடம் கேட்டார். "ஒர்க்‌ஷாப் வேலை இல்லீங்க. என் சொந்த வேலை. இஷ்டம் இருந்தா மட்டும்."

போனேன். கீற்றுக் கொட்டகையில் தார்ப்பாயை விலக்கினார். ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய கார். கூரை இல்லை, கதவு இல்லை, விளக்கு இல்லை. எறும்புத்தின்னி போல நீண்ட அலுமினிய உடம்பு. மெல்லிய கம்பிகள் பின்னிய சக்கரங்கள் நான்கும் உடம்புக்கு வெளியே நின்றன. மோட்டார்சைக்கிள் என்ஜின் ஒன்று இருக்கைக்குப் பின்னால் இருந்தது. சங்கிலி போட்டுப் பின்சக்கரத்தை ஓட்டும். தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருவரிடமிருந்து தங்கவேலு வாங்கியதாம். மூக்கு நசுங்கி, முன்சக்கரங்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மதராஸுக்கு வடக்கே, விமானம் இறங்காமல் விட்ட பழைய ஓடுதளத்தில் பந்தயம் நடந்தபோது இந்தக் கார் திருப்பத்தில் திரும்பாமல் நேரே போயிருக்கிறது. ஓரத்தில் வைத்திருந்த தார் டின்களை இடித்துத் தள்ளி, அங்கே வைக்கோல் கட்டு அடுக்கிக்கொண்டிருந்த கூலிக்காரர் மேல் ஏறிவிட்டது. முனுசாமி என்று பெயர். அங்கேயே இறந்துபோனார். தங்கவேலுவுக்கு முழங்கால் நொறுங்கிப்போயிற்று. ஸ்டியரிங் கேட்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் கண்விழித்ததும் சொன்னவர், அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வித்துப்போடலாம்னு அம்மா சொல்றாங்க. அது வூட்டுல இருந்தா இவன் தேற மாட்டானாம்," என்றார் நாச்சிமுத்து. "ஆனா எதனால அப்படி ஆச்சுன்னு தெரியாம இன்னொருத்தர் கையில எப்படிங்க குடுக்கறது?"

நான் சரி என்றேன். உதவி செய்யும் ஆசை மட்டும் காரணமில்லை. அய்யாக்கண்ணுவுக்கு ஒரு நியாயம் சொன்ன மனிதர் சொந்தத் தம்பிக்கு என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் இருந்தது.

காரின் அலுமினிய உடம்பை எடுத்துவிட்டு முதலில் ஸ்டியரிங்கைத்தான் கழற்றினோம். தண்டு, அதன் நுனியில் இருந்த பல்சக்கரம், சக்கரத்தோடு இணைக்கும் ராடுகள், சக்கரம் திரும்புவதற்கான முளைகள் என்று ஒவ்வொன்றாகக் கழுவி, ஊறப் போட்டு, துடைத்து, வெள்ளை பூசி, தட்டிப் பார்த்தோம். நாச்சிமுத்து கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தங்கவேலு உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் வெள்ளையைப் பார்த்ததைவிட நாச்சிமுத்துவின் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன். ஒவ்வொரு பாகத்தின் மேலும் அவர் குனிந்திருந்த நேரம் வழக்கத்தைவிட நீண்டது. ஒரு கோடு விழாதா என்று அவர் ஏங்கியது எனக்குத் தெரிந்தது. பூச்சு வெள்ளையாகவே இருந்தது. 'இல்லீங்க' என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தார். கடைசி இரண்டு மூன்று பாகங்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

இடப்பக்க ராடு மட்டும் வளைந்திருந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். வளைவின் உட்பக்கத்தில் தார் அப்பியிருந்தது. டின்னில் மோதியபோது வளைந்தது அது. மோதுவதற்கு முன்பே வளைந்திருந்தால் வளைவின் குழிக்குள் டின் எட்டியிருக்காது, அங்கே தார் ஒட்ட வழியில்லை. இருவருக்கும் அது புரிந்தது.

அந்தத் தாரைத் துணியில் துடைத்தால் போய்விடும். ஜன்னலைப் பார்த்தேன். கம்பிக்குப் பின்னால் இருந்த அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்த வார்த்தை எனக்கே வியப்பாக இருந்தது.

"சார், இந்த ராடுதான் மொதல்லயே வளஞ்சி போயிருந்திச்சின்னு சொல்லிடலாமுங்க. யாருக்குத் தெரியப்போவுது? அவரு பொழச்சிக்குவாருங்க."

நாச்சிமுத்து ராடை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் துணியை எடுப்பார் என்றே நினைத்தேன்.

"அய்யாக்கண்ணு விசயத்துல நான் என்னங்க சொன்னேன்?" என்றார்.

பிறகு தம்பியைக் கூப்பிட்டார். தங்கவேலு கட்டையை ஊன்றி வந்து கவிழ்த்த மரப்பெட்டியின் மேல் காலை நீட்டி உட்கார்ந்தார். அன்றுதான் அவரை அருகில் பார்க்கிறேன். என்னைவிடச் சில வயது மூத்தவர், தாடி மண்டிக்கிடந்தது.

"என்னங்ணா கெடச்சுது?"

"ஒண்ணும் கெடைக்கல, தங்கவேலு."

"நல்லாப் பார்த்தீங்ளா?"

"பார்த்தேன். கலியமூர்த்தியும் பார்த்தாரு. ஸ்டியரிங் நல்லாத்தான் இருந்திருக்குது."

"அது கேக்கலீங்ணா. நான் திருப்பினேன், கேக்கல."

நாச்சிமுத்து வெள்ளை பூசிய பாகங்களை எடுத்து வந்து தம்பியின் முன்னால் வரிசையாக வைத்தார். "நீயே பாரு" என்றார். தங்கவேலுவுக்கும் இந்த வேலை தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வளைந்த ராடு கைக்கு வந்ததும் உட்பக்கத்துத் தாரை விரலால் தடவினார். அதை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினார்.

"முன்னால போனவனைத்தாங்ணா பார்த்துட்டு இருந்தேன். அவனைத் தாண்டிப் போடலாம்னு. திருப்பத்தை நான் பார்க்கவே இல்லீங்ணா."

அதற்கடுத்த நாட்களில் தங்கவேலு சாப்பிட மறுத்தார். நாச்சிமுத்துவின் மனைவி வீட்டிலிருந்த கயிறு, கத்தி எல்லாவற்றையும் எடுத்து மறைத்து வைத்துவிட்டு, அறைக்கு வெளியே பாய் விரித்து அங்கேயே படுத்துக்கொண்டார். ஒர்க்‌ஷாப்பில் நாச்சிமுத்து முதல் முறையாக ஒரு பாகத்தைத் தலைகீழாக மாட்டினார். நான் அதைக் கழற்றித் திருப்பி மாட்டினேன்.

"நான் தப்புப் பண்ணிட்டனுங்களா, கலியமூர்த்தி?" என்றார்.

"வூட்டுக்குப் போயி அவருகூட உக்காந்துக்கினு இருங்க சார், இத நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னேன். அய்யாக்கண்ணு விஷயத்துக்குப் பிறகு அவரிடம் நான் சொன்ன முதல் சொந்தப் பேச்சு அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது கொட்டகையில் தட்டும் சத்தம் கேட்டது. தங்கவேலு மண்மூட்டையின் மேல் அலுமினியத் தகட்டை வைத்து, நசுங்கிய மூக்கைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார். மூவரும் சேர்ந்து வேலை செய்தோம். வளைந்த குழாய்களை வெட்டிப் புதிது போட்டோம். கிடைக்காத போல்ட்டுகளுக்காக நாச்சிமுத்து மதராஸ் போய்ப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்துவிட்டு வந்தார். பழைய பெயின்ட்டைச் சுரண்டியபோது அடியில் கரும்பச்சை தெரிந்தது. அதே நிறம் அடித்தோம். மதராஸிலும் பெங்களூரிலும் தெரிந்தவர்களிடம் கார் விலைக்கு இருக்கிறது என்று சொல்லி வைத்தார் நாச்சிமுத்து.

கார் முடியும் தருவாயில் தங்கவேலு அண்ணனிடம் கேட்டார்: "அந்த முனுசாமி வூட்டுக்குப் போகோணும். கூட்டிட்டுப் போறீங்ளா?"

ரயிலில் ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்ததால் நானும் போனேன். ஓடுதளத்துக்கு அருகில் ஒரு சின்ன ஊர். முனுசாமியின் மனைவி பச்சையம்மா நாற்று நட்டுவிட்டுச் சேற்றுக் காலோடு வந்தார். நாங்கள் யாரென்று நாச்சிமுத்து சொன்னதும் அந்த அம்மாள் தங்கவேலுவின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வண்டி ஒடஞ்சி பூட்ச்சின்னாங்கோ. அப்பால, இவரு குடிச்சிட்டுப் போய் குறுக்க நின்னாருன்னாங்கோ. இப்ப இன்னாத்துக்கு வந்துகிறீங்கோ?"

"வண்டி ஒடையலீங்கம்மா," என்றார் தங்கவேலு. "அவர் குறுக்க நிக்கலை. நிக்கச் சொன்ன எடத்துலதான் நின்னாரு. நாந்தான் பாதையைப் பார்க்காம வந்து மோதிட்டேன். இத்தனை நாளும் பொய் சொல்லிட்டேன்."

அந்த அம்மாள் தெருவைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார். மாமியார் வந்தார். கொழுந்தனார் வந்தார். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் கூடினார்கள்.

"சொல்லு. எங்கிட்ட சொன்னத இவங்களாண்ட சொல்லு."

தங்கவேலு சொன்னார். மேலும் சிலர் வந்தார்கள். "இவங்களுக்கும் சொல்லு" என்றார் பச்சையம்மா. மறுபடியும் சொன்னார். உட்காரும்படி அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் உட்காரவில்லை. கட்டை ஒருமுறை சறுக்கியது. பிடிக்கப் போன என்னை நாச்சிமுத்து கண்ணால் தடுத்துவிட்டார். கொழுந்தனார் அடிக்கத்தான் கையை ஓங்கினார். பச்சையம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வுடு. குடிகாரன் பொண்டாட்டின்னு இனிமே என்னிய யாரும் சொல்ல மாட்டாங்கோ இல்ல? அது போதும்."

பிறகு எங்களிடம், "கெளம்புங்கோ" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதை எதிர்பார்த்து நாங்களும் போகவில்லை. திரும்பும்போது ரயில் விழுப்புரம் தாண்டியதும் தங்கவேலு பசிக்கிறது என்றார். நாச்சிமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

காரை வாங்க பெங்களூரிலிருந்து ரகுநாதன் என்ற இளைஞர் வந்தார். கரும்பச்சையில் அது மின்னிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் அவருக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. நாச்சிமுத்து முதலிலேயே சொல்லிவிட்டார்.

"இந்த வண்டியில அடிபட்டு ஒருத்தர் செத்துப்போயிருக்காருங்க. அதைத் தெரிஞ்சுட்டு வாங்கோணும்."

இளைஞரின் முகம் மாறியது. "இப்ப மெஷின்ல தப்பு ஒண்ணும் இல்லையே?"

"இல்லீங்க. அப்பவும் இல்லீங்க."

"அப்புறம் என்ன சார்?"

ஓரமாக நின்றிருந்த தங்கவேலு பேசினார். "மெஷின்ல தப்பு இருந்திருந்தா மாத்திப்போடலாமுங்க. ஓட்டுனது நானுங்க."

ரகுநாதன் அவரையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று வாங்காமலே கிளம்பிவிட்டார். விற்பனை போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் சில நாள் கழித்துத் திரும்பி வந்தார். காருக்குள் ஏறி உட்காருமுன் தங்கவேலுவிடம் எப்படி மோதியது என்று கேட்டார். டவுன்ஷிப் வீட்டு பிளாக்குகளுக்கு நடுவே இருந்த காலிச் சாலையில் அவரைத் திருப்பம் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனார் தங்கவேலு. கட்டையை ஊன்றி ஊன்றி மெதுவாக நடந்தார். இளைஞர் பொறுமையாகக் கூடவே போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து, நாங்கள் தள்ளிவிட, அவர் காரை ஓட்டினார். சங்கிலிச் சத்தமும் என்ஜின் சத்தமும் கேட்டு வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வெளியே வந்தார்கள். திருப்பத்துக்கு வெகுதூரம் முன்பே அவர் வேகத்தைக் குறைத்தார். மறுநாள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்.

தங்கவேலு கோயம்புத்தூருக்குத் திரும்பிப் போகவில்லை. சுரங்கத்தில் வேலை கேட்டார். ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து செய்யும் வேலை தருவதாக அண்ணன் சொன்னதற்கு ஒப்பவில்லை. டம்பர்கள் மண் கொட்டத் திரும்பும் மேட்டில், கொடி காட்டி வழிவிடுகிற வேலை ஒன்று கான்ட்ராக்டில் இருந்தது. வெயில், புழுதி, அந்தக் காலோடு நாள் முழுக்க நிற்க வேண்டும். அதைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார். புதிதாக வருகிற டிரைவர்கள் அவரைத் திட்டுவார்கள். அவர் கொடியைத் தாழ்த்தாமல் எவரையும் பின்னால் எடுக்க விட மாட்டார்.

பழுதான டம்பர் ஒன்றைப் பார்க்க ஒருமுறை நான் அந்த மேட்டுக்குப் போனேன். நல்ல கோடை. கட்டையை அக்குளில் கொடுத்துக்கொண்டு, கையில் கொடியோடு நின்றிருந்தார். பக்கத்தில் யாரோ அவருக்காகக் கீற்று வைத்து நிழல் கட்டி, ஒரு ஸ்டூலும் போட்டிருந்தார்கள்.

"வண்டி வராதப்பவாச்சும் நெழல்ல உக்காந்துக்கக் கூடாதாங்க?" என்றேன்.

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உக்காந்தா ஓட்டிட்டு வர்றவருக்கு நான் தெரிய மாட்டனுங்க," என்றார்.